குறுக்கு விசாரணை: இல்லை

இருபத்தேழாம் நாள் வந்தாள் கித்தேரி.
முப்பதுதான் கெடு என்றேன்.
அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள்
பாசிக்கு இறங்கணும், மேடம்,
அந்தப் பன்னண்டை விட்டா மாசமே இல்ல என்றாள்.
சாயல்குடி பஸ்ஸில் நின்றே வந்திருக்கிறாள்.
விரல்களில் துணி சுற்றியிருந்தது.
பாறை அறுத்த விரல்கள்,
ரேகை உருட்டினால் மை பிடிக்காதவை.

தீர்ப்பு நகலை
ஒரு பாலித்தீனில் மடித்து, அதை மாவு மில் பையில் வைத்து,
அதற்கும் மேலே முந்தானை.
எது நனையக்கூடாது என்று
மூக்கையூரில் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்று வருடம். இருபத்தைந்தாயிரம்.
சாக்கு நிறையக் கடல் அட்டை.
சாக்கு வேனில் கிடந்தது, வேனில் பதினோரு பேர்,
சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தவள் இவள்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா மேடம்"
என்று ஆரம்பித்தாள்.
கையைக் காட்டி நிறுத்தினேன்.
என் தொழிலில் எனக்குப் பிடிக்காத இடம் இது.
அப்பீலில் கதை கிடையாது.
கடல் வராது, வேன் வராது,
நீயும் வர வேண்டாம்.
எழுதியது மட்டும் வரும்.
அதை இன்னொருவர் இன்னொரு தடவை படிப்பார்.
அவர் வேகமாகப் புரட்டும் பக்கத்தில்
விரல் வைத்து நிறுத்தத்தான்
உன்னிடம் ஃபீஸ் வாங்குகிறேன்.

கேணிக்கரையில் அன்றிரவு கரண்ட் போய்ப் போய் வந்தது.
பிடித்தபோது நாற்பத்து மூன்று கிலோ.
கோர்ட்டுக்கு வந்தபோது ஒன்பது.
அட்டை காயும், சுருங்கும், உண்மைதான்.
ஆனால் காய்ந்தது என்று ஒருவரும் சாட்சி சொல்லவில்லை.
மகஜரில் இரண்டு பேர் கையெழுத்து,
ஒரே பேனா, ஒரே சாய்வு.
வனக்காவலர் சாட்சியம் ஒன்றேகால் பக்கம்.
அதன் அடியில்
குறுக்கு விசாரணை: இல்லை.
இரண்டாம் சாட்சி. குறுக்கு: இல்லை.
மூன்றாம் சாட்சி.
தட்டச்சுக்காரர் அலுத்துப்போய்
இல்லையில் ஒரு எழுத்தை விட்டிருந்தார்.

அவளுக்கு வக்கீல் வேண்டுமா என்று
யாராவது கேட்டதாக ஒரு வரி?
தேடினேன். விடிந்தது.
அறுபது பக்கத்தில் அவள் பேசியது இரண்டு சொல்:
எனக்குத் தெரியாது.

இருபத்தொன்பதாம் நாள் மாலை
மனு எண்ணுக்கு ஏறியது.
காரணங்கள் பதினான்கு எழுதியிருந்தேன்,
பதின்மூன்று எல்லா மனுவிலும் இருப்பவை.
தண்டனை நிறுத்திவைப்பு கிடைத்தது.
அவள் பாசிக்கு இறங்கினாள்.
வாய்தா பாதி நாள் பௌர்ணமியில் விழுந்தது,
அதற்கு நான் மனுப் போட முடியாது.

வாதத்தன்று பின்பெஞ்சில் இருந்தாள்.
எதையோ சொல்லக் கை தூக்கினாள்,
டவாலி உட்காரச் சொன்னார்.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
ஐந்தாம் பக்கத்தில் விரலை வைத்து
நின்றுகொண்டிருந்தேன்.

ரத்து என்ற சொல் விழுந்ததும்
சிலுவை போட்டாள்.
மிச்சமும் வந்தது:
சாட்சிகளைத் திரும்ப அழைக்கவும்,
வக்கீல் தரவும்,
வழக்கு கீழ்க்கோர்ட்டுக்கே.

வராந்தாவில் கேட்டாள்.
"ஜெயிச்சிட்டமா?"
இல்லை.
"அப்பத் தோத்துட்டமா?"
அதுவும் இல்லை, முதலிலிருந்து.
சும்மா தலையாட்டினாள்,
கச்சான் மாறிக் கொண்டல் எழும் என்றால் ஆட்டுவதுபோல.
"இப்பப் பேசலாமா மேடம்?"

மூன்றரை பஸ் போய்விட்டிருந்தது.
டீ சொன்னேன். பேனாவைத் திறந்தேன்.
காலையிலிருந்து சொன்னாள்,
எந்தப் பாறை, எவ்வளவு நீர், யார் வேனை நிறுத்தியது,
பிறகு டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு,
"சாக்குல ஏறி உக்காந்தேன்ல,
மெத்துன்னு இருந்துச்சு.
பாசி அப்படி இருக்காது."

பேனா நின்றது.
அவள் டீயைக் குடித்து முடித்தாள்.
குறுக்கே நான் ஒன்றும் கேட்கவில்லை.